கடாரம் வென்றவனுக்குக் காசு! கடலோடும் தமிழனுக்குச் சிறை!



விருத்தாசலத்திலே பேருந்தேறித் தெற்கு நோக்கிப் போனால், ஒரு பொழுதுக்குள் கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேரலாம். 2025 ஜூலை 27 அன்று அங்கே ஒரு பெருவிழா! தில்லியிலிருந்து தலைமை அமைச்சரே வந்தார். இராசேந்திர சோழன் கடல் கடந்து படை நடத்தி ஆயிரம் ஆண்டு என்றார்கள். அவன் பெயரால் நினைவு நாணயம் வெளியிட்டார்கள். சிலை எழுப்புவோம் என்றும் அறிவித்தார்கள்.

மகிழ்ச்சி! கடாரம் கொண்டவனைப் போற்றினால் எந்தத் தமிழனுக்குத்தான் நெஞ்சு நிமிராது? ஆனால், தோழரே, விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகு ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கடலில் சென்ற தமிழனுக்குக் காசு அடிக்கிறார்களே, இன்று கடலுக்குச் செல்லும் தமிழனுக்கு என்ன கிடைக்கிறது?

அந்தக் கேள்வியைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால், "பார்த்தீர்களா, நாட்டின் பாதுகாப்பையே எதிர்க்கிறான்!" என்று பதைபதைப்போர் கிளம்பிவிடுவர். கடற்படை வேண்டும். வலுவான கடற்படை வேண்டும். இன்று ஏறத்தாழ 140 கப்பல்கள். 2035-க்குள் 175 என்பது குறி. 2025 சனவரி 15 அன்று மும்பையில் சூரத், நீலகிரி, வாக்சீர் என்று மூன்று போர்க்கலங்களை ஒரே நாளில் படையில் சேர்த்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில், விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறப்பதற்கென்று 26 ரஃபேல் விமானங்கள் வாங்கப் பிரான்சோடு ஒப்பந்தம் செய்தார்கள்; விலை ஏறத்தாழ 63,000 கோடி ரூபாய்.

காரணம் இல்லாமலா? இல்லை. கப்பல் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியது சீனத்தின் கடற்படை. நம் கரைக்கு எதிரே, இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2022 ஆகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நங்கூரம் பாய்ச்சியது. இதைக் கண்டும் கப்பல் கட்டாதே என்று சொல்ல நாம் பித்தரல்லர்.

கடலைக் காக்கத் தவறியவன் கதி என்ன என்பதற்கு வேறு நாட்டு வரலாற்றைப் புரட்ட வேண்டாம். நம் மாவட்டத்தின் கடலைக் கேட்டாலே சொல்லும். 1783 சூன் 20 அன்று கடலூருக்கு எதிரே இரண்டு பெருங்கடற்படைகள் மோதின. ஒன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரேன் நடத்தியது. மற்றொன்று ஆங்கிலத் தளபதி இயூசு நடத்தியது. ஐரோப்பாவில் அவ்விரு அரசுகளும் சமாதானம் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. செய்திதான் இங்கே வந்து சேரவில்லை! யாருடைய கடலூர்? நம்முடையது. யாருடைய கப்பல்கள்? நம்முடையவை அல்ல. வீட்டுக்காரன் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க, வந்தவர் இருவர் அவன் வீட்டுக்காகச் சண்டையிட்டனர்!

"அன்று நம்மிடம் கடற்படை இல்லை, ஆகவே அந்த நிலை" என்பர். உண்மை. ஆனால் பாதி உண்மை. மறுபாதியை 1914 சொல்லும். அன்று சென்னைக் கரைக்கு உரிமை கொண்டாடியது உலகிலேயே மிகப் பெரிய கடற்படை — பிரிட்டிஷ் கடற்படை. செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஒற்றை ஜெர்மன் கப்பல் வந்தது. அரைமணி நேரம் குண்டு மழை. எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. வந்த கப்பல் வந்த வழியே போயிற்று. எமகாதகனை இன்றும் நம் மக்கள் "அவன் பெரிய எம்டன்" என்கிறார்கள் அல்லவா? அந்தச் சொல் பிறந்த கதை இது. கடற்படை பெரிதாக இருந்தது. ஆனால் அதன் கண், இலண்டனின் வாணிகத்தின்மேல் இருந்தது. நம் கரையின்மேல் இல்லை. ஆகவே, தோழரே, படை எவ்வளவு பெரிது என்று கேட்பது முதற்கேள்வி அன்று. அது யாரைக் காக்கிறது என்பதே முதற்கேள்வி!

இராசேந்திரனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1025-இல் அவன் கலங்கள் சென்று தாக்கிய இடங்களாக ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், நக்கவாரம், கடாரம் என்று வரிசையாகப் பெயர் கூறுகிறது அவன் மெய்க்கீர்த்தி. வெறும் வாள்வலியா அது? நாகப்பட்டினம் வெளிநாட்டார் வந்து தங்கும் துறைமுகமாக விளங்கிற்று. ஸ்ரீவிசய அரசன் அங்கே ஒரு புத்த விகாரமே எழுப்பினான். ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு கடல் கடந்து வாணிகம் செய்தது. சுமத்திராவின் பாரூசில் 1088-இல் அவர்கள் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. காற்றின் போக்கறிந்தவன், மரம் இழைத்துக் கலம் செய்தவன், சரக்கேற்றியவன், வலை வீசியவன் — இத்தனை பேர் கரையிலே வாழ்ந்தனர். ஆகவே கடலிலே படை சென்றது. கரை செழிக்காமல் கலம் செல்லாது!

இன்றைய கரையின் நிலை என்ன? நாடகம் எழுதுபவன் நான். இரண்டு காட்சிகளாகவே காட்டிவிடுகிறேன்.

காட்சி ஒன்று. 2022 செப்டம்பர் 2. கொச்சி கப்பல் கட்டும் தளம். விக்ராந்த்! இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பல். நீளம் 262 மீட்டர். எடை ஏறத்தாழ 45,000 டன். செலவு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். 1961-இல் படையில் சேர்ந்த பழைய விக்ராந்த், பிரிட்டன் கட்டத் தொடங்கிக் கைவிட்டிருந்த கப்பலை வாங்கி வந்தது. இதுவோ நம் தொழிலாளர் கைகளால் எழுந்தது. இசை முழங்குகிறது, கொடி மாறுகிறது, தலைவர்கள் பேசுகிறார்கள். திரை விழுகிறது.

காட்சி இரண்டு. சரியாக ஏழு வாரம் கழித்து, அக்டோபர் 21. கோடியக்கரைக்குத் தென்கிழக்கே கடல். தமிழ்நாட்டு மீனவர் படகொன்று. அதை நோக்கித் துப்பாக்கி வெடிக்கிறது. மயிலாடுதுறை மாவட்டத்து மீனவர் ஒருவர் குண்டடிபட்டுச் சாய்கிறார். சுட்டது யார்? இலங்கைக் கடற்படையா? இல்லை, தோழரே, இல்லை! இந்தியக் கடற்படையின் ரோந்துக் கப்பல்! பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை, ஆகவே எச்சரிக்கைக்காகச் சுட்டோம் என்று விளக்கம் தந்தார்கள். எச்சரிக்கைக் குண்டு உடலைத் துளைக்குமா என்று கேட்டது மருத்துவமனைக் கட்டில்.

அந்தப் பக்கத்துக் கடற்படையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? 2021 சனவரியில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு நேர்ந்த மோதலில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு மூழ்கி நான்கு உயிர்கள் போயின. 2024-இல் மட்டும் சிறைப்பிடிக்கப்பட்ட இந்திய மீனவர் 500-க்கு மேல், பெரும்பாலோர் தமிழர். ஆளை விட்டாலும் படகை விடுவதில்லை; அரசுடைமை ஆக்கிவிடுகிறார்கள். ஒரு படகு போனால் ஒரு குடும்பம் மட்டுமா போகிறது? வலை பின்னுபவள், பனிக்கட்டி உடைப்பவன், கூடை சுமப்பவள் — அத்தனை பேர் அடுப்பும் அணைகிறது!

"எல்லை தாண்டினால் பிடிக்கத்தானே செய்வார்கள்?" என்று கேட்கிறார்கள் சிலர், குளிரூட்டிய அறையில் அமர்ந்து. கேட்கட்டும்; பதில் உண்டு. அந்தக் கோட்டை 1974-லும் 1976-லும் காகிதத்தில் வரைந்தார்கள். கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அப்பால் போயிற்று. தலைமுறை தலைமுறையாக அங்கே வலை உலர்த்தியவனை ஒரு வார்த்தை கேட்டார்களா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்கரையிலே யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கடலை நம்பி வாழ்பவனும் தமிழன்தான். போர் நடந்த ஆண்டுகளிலே கடலுக்குள் இறங்க முடியாமல் கிடந்தவன். 2009-க்குப் பிறகு மீண்டும் வலையெடுத்தான். இக்கரை இழுவைப் படகுகள் தன் வலையை அறுத்துக்கொண்டு போவதைக் கண்டு அவனும் அழுகிறான். அந்த அழுகையும் நமக்குக் கேட்கிறது. இரண்டு ஏழைகளை மோதவிட்டு இரண்டு அரசுகள் வேடிக்கை பார்ப்பதைத்தான் நாம் கண்டிக்கிறோம்!

வழியே இல்லையா? இருந்தது, அவர்களே அறிவித்தார்கள். 2017-இல் பாக் நீரிணைக்கென்று ஒரு திட்டம்: 2,000 இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகள், மூன்றே ஆண்டில், மொத்த மதிப்பீடு 1,600 கோடி ரூபாய். இழுவை மடியை விட்டுவிட்டு, ஆழ்கடலிலே சூரை பிடிக்கப் போகலாம். அக்கரைத் தமிழனோடும் பகை தீரும். நல்ல திட்டம். நடந்ததா? மூன்று ஆண்டும் கடந்தது. அறிவித்த எண்ணிக்கையில் ஒரு சிறு பங்குப் படகுகளே கடலில் இறங்கின. ஏன்? ஒரு படகின் விலை 80 இலட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு. மீதி 24 இலட்சம், கடனாகவும் கைப்பணமாகவும் மீனவன் தலையில். ஏற்கெனவே படகைப் பறிகொடுத்துக் கடனில் நிற்பவன் 24 இலட்சத்துக்கு எங்கே போவான்?

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். ஆயினும் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. 26 விமானங்களுக்கு 63,000 கோடி. பாக் நீரிணையின் பகையைத் தீர்க்க 1,600 கோடி. பின்னது முன்னதில் நாற்பதில் ஒரு பங்கு! விமானத்தை வாங்காதே என்று சொல்லவில்லை. நாற்பது பங்கு செலவிட மனம் உள்ளவர்களுக்கு, அந்த ஒரு பங்கை முழுதாக நிறைவேற்ற ஏன் மனம் வரவில்லை என்றுதான் கேட்கிறேன்.

"இதெல்லாம் கடற்கரைக்காரன் கவலை, கடலே கண்ணில் படாத முதுகுன்றத்தானுக்கு என்ன வந்தது?" என்று கேட்கக்கூடும். சூளைப்புகை தெரியும் இந்த ஊரிலிருந்து கடலைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

நீர்மூழ்கிக் கப்பலைக் கண்ணால் காண முடியாது; காதால்தான் கேட்க வேண்டும். அந்தக் காதுக்குச் சோனார் என்று பெயர். சோனாரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? பீங்கான்! ஆம், பீங்கான்! மின்சாரம் செலுத்தினால் அதிர்ந்து ஒலியெழுப்பும். திரும்பிவரும் ஒலி மேலே பட்டால் அந்த அழுத்தத்தில் மின்சாரம் பிறப்பிக்கும். தேநீர்க் கோப்பை செய்யும் களிமண் அன்று அது. ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைக் கலந்து செய்வது. ஆனால் பொடியாக அரைப்பதும், அச்சிலே அழுத்துவதும், சூளையிலே பதமறிந்து சுடுவதும் விருத்தாசலத்துத் தொழிலாளி அறியாத வேலையா? நெய்வேலிச் சுரங்கத்தின் களிமண் பக்கத்தில்; பீங்கான் தொழிற்பேட்டை ஊருக்குள்ளே; பீங்கான் தொழில்நுட்பத்தைப் பாடமாகவே கற்பிக்கும் அரசு நிறுவனம் அருகிலே. இத்தனையும் இருந்து, அகல்விளக்கும் பொம்மையும் செய்து வயிறு கழுவும் நிலை!

விக்ராந்த் கட்டுவதிலே நூற்றுக்கும் மேற்பட்ட சிறு, நடுத்தரத் தொழிற்கூடங்கள் பங்கு பெற்றன என்று பெருமையாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் என்று 2019-இல் தொடங்கினார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனைகள். ஐந்தும் நம் ஊர்களே, வாழட்டும்! ஆனால் சூளை இருக்கும் ஊருக்குச் சோதனைக் கூடம் ஒன்று, கல்லூரி இருக்கும் ஊருக்குப் புதுப் பீங்கான் பாடப்பிரிவு ஒன்று, கொச்சியிலே சோனார் ஆராயும் கடற்படை ஆய்வகத்தோடு தொடர்பு ஒன்று — இதைக் கேட்பது பேராசையா? அயல்நாட்டை எதிர்பாராத படை வேண்டும் என்பவர்கள், உள்நாட்டின் சிற்றூரை ஏன் எதிர்பார்க்கக் கூடாது?

மீனவன் குப்பத்திலும் சூளைத் தொழிலாளி தெருவிலும் இருக்கும் குறை வேறுவேறு அன்று, ஒன்றே. கடலை ஆள நினைப்பவர்கள் கரையை எண்ணவில்லை. வரி கேட்கும்போது நாம் நினைவுக்கு வருகிறோம். விழா எடுக்கும்போது நம் பாட்டன் நினைவுக்கு வருகிறான். பங்கு தரும்போதும் பாதுகாப்புத் தரும்போதும் மறதி வந்துவிடுகிறது!

எனவே, தோழரே, வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு யார் வந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், அமர வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். தமிழ் மீனவன்மீது எந்தக் கடற்படையின் துப்பாக்கியும் திரும்பாதிருக்க என்ன செய்தீர்கள்? அறிவித்த 2,000 ஆழ்கடல் படகும், மீனவன் தலையில் கடன் ஏற்றாமல், எந்த ஆண்டுக்குள் வரும்? நாட்டின் கடற்படைக்கு வேண்டிய பீங்கானில் ஒரு கைப்பிடியாவது விருத்தாசலத்துச் சூளையிலே வேகும் நாள் எது?

இந்த மூன்றுக்கும் ஆண்டும் தொகையும் சொல்லிப் பதில் தரட்டும். பிறகு கங்கைகொண்ட சோழபுரத்திலே மீண்டும் விழா எடுக்கட்டும். மணிமுத்தாற்றங்கரையிலிருந்து நாமும் அணிவகுத்துப் போவோம். அதுவரை, இராசேந்திரன் பெயரால் அவர்கள் அடித்த காசைக் கையிலே வாங்குமுன், அவன் வழிவந்தவன் சிறையிலிருந்து கேட்கும் குரலுக்குச் செவி கொடுங்கள்!