வராளியும் தோழமையும்

புஷ்ய பகுள பஞ்சமி நெருங்கும்போதெல்லாம் என் சங்கீத ஆசிரியரின் நினைவு நெஞ்சை நிறைக்கிறது. 1847-இல் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் சித்தியடைந்த திதி அது. அன்று திருவையாற்றில் காவிரிக் கரையிலுள்ள அவரது சமாதியின் முன் வித்துவான்கள் ஒன்றுகூடிப் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்பன அவற்றின் இராகங்கள்.

கும்பகோணத்தில் வங்கிப் பணியில் இருந்தபோது, நாற்பது வயதில் பாட்டுக் கற்கத் தொடங்கினேன். ஆசிரியர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆறு ஆண்டுகளில் நான்கு பஞ்சரத்தினங்களைக் கற்பித்தவர், வராளியை மட்டும் தொடவில்லை. கேட்கும்போதெல்லாம், "பார்க்கலாம்" என்பார். என் குரல் அதற்குப் போதாது என்று கருதுகிறார் போலும் என எண்ணி மனம் நொந்தேன். காரணம் கேளாமலே பாட்டுக்குச் செல்வதை நிறுத்திவிட்டேன்.

மூன்று மாதங்கள் கழிந்தன. ஒரு மாலை அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். வராளியை நேரே கற்பித்தால் குருவுக்கும் சீடனுக்கும் பிணக்கு நேரும் என்று இசைவாணரிடையே ஒரு நம்பிக்கை உண்டு என்றார். "உம்மை இழக்கக் கூடாதென்றுதான் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராமலேயே பிணக்கு வந்துவிட்டது, பாரும்!" என்று சிரித்தார். நான் அவர் காலில் விழுந்தேன்.

"எழுந்திரும். இனி நீர் என் சிநேகிதர். சிநேகிதர் இருவர் சேர்ந்து பாடினால் அது பாடமாகாது" என்றவர், கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து வராளியைத் தொடங்கினார். அவர் குரலை அடியொற்றி நானும் பாடினேன்.

மணப்பந்தலில் வந்து வழக்காடிய இறைவனைப் பித்தன் என்று ஏசியவர் சுந்தரர். அவரையே திருவாரூர்ப் பெருமான் தோழராக ஏற்றருளினார். 'தம்பிரான் தோழர்' என்னும் திருநாமமும் நிலைத்தது. பிணக்கிற்குப் பின் மலர்ந்த அத்தோழமையின் சுவையை, என் சிறிய வாழ்வில் நான் உணர்ந்தது அன்றுதான்.

இறுதிக் காலத்தில் அவருக்குக் குரல் எழவில்லை. நான் பாடுவேன், அவர் கட்டிலில் படுத்தபடியே ஆதி தாளம் போடுவார். இன்று அந்தக் கரமும் இல்லை. அவரோடு பாடாமல் வீணாக்கிய அந்த மூன்று மாதங்களை எண்ணி இப்போதும் வருந்துகிறேன்.

அன்பர்களே! பெரியோர் ஒன்றை மறுத்தால் பணிவுடன் காரணம் கேளுங்கள். கேளாமல் விலகிவிடாதீர்கள். மறுப்புக்குள்ளும் அன்பு மறைந்திருக்கக் கூடும்.