கொழுந்து கிள்ளும் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரு பல்கலைக்கழகம்



பல்கலைக்கழகம் என்று சொன்னதும் நம் வீடுகளில் பலருக்கு என்ன தோன்றுகிறது? பெரிய கட்டடம், ஆங்கிலப் பேச்சு, கட்ட முடியாத கட்டணம். "அதெல்லாம் நமக்கு எட்டுற காரியமா, டீச்சர்?" என்று என்னிடம் கேட்காத பெற்றோர் குறைவு. மகன் என்றால் கொஞ்சம் யோசிக்கிறோம். மகள் என்றால் அந்த யோசனைகூட இல்லை. எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த கையோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே இந்த முறை உங்களுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். அது இருப்பது அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அன்று. வங்காள தேசத்தில், சிட்டகாங் துறைமுகப் பட்டணத்தில் இருக்கிறது. 2018 முதல் அந்த ஊரின் பெயரைச் சட்டோகிராம் என்று எழுதுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். லாபம் கருதாத தனியார் நிறுவனம். அங்கே படிக்கிறவர்களில் தையல் தொழிற்சாலைப் பெண்களும் உண்டு, தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் உண்டு. அதனால்தான் இந்தக் கதை நமக்குச் சொந்தமானது என்கிறேன்.

முதலில் அந்தத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வங்காள தேசத்தின் வடகிழக்கில் சில்ஹெட் என்ற மலைப்பாங்கான பகுதி. 1854-இல் அங்கே மால்னிச்செரா என்ற தோட்டத்தை வெள்ளைக்காரர்கள் திறந்தார்கள். ஆள் பற்றவில்லை. பீகார், ஒடிசா போன்ற இடங்களிலிருந்து ஏழைக் குடும்பங்களை ஆசை காட்டி அழைத்து வந்தார்கள். நம் முன்னோருக்குக் கங்காணி எப்படியோ, அவர்களுக்குச் சர்தார் அப்படி. நாம் லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளை அவர்களும் 'லைன்' என்றே சொல்கிறார்கள். 1921-இல் சர்கோலாப் பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் கூலி போதாமல், "ஊருக்கே திரும்பிப் போகிறோம்" என்று நடந்து புறப்பட்டார்கள். சாந்த்பூர் ஆற்றுத்துறையில் கூர்க்காப் படையை ஏவி அவர்களை அடித்து விரட்டினார்கள்.

நூறாண்டு கழித்து 2022 ஆகஸ்டில் அவர்களின் பேரப் பிள்ளைகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அப்போது ஒரு நாள் கூலி 120 டாக்கா. நம் கணக்கில் ஆறு வெள்ளிக்கும் குறைவு. 300 கேட்டார்கள், 170 கிடைத்தது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் குடியிருக்கும் வீடு நிலைக்கும். ஆகவே தாய் ஓய்ந்தால் மகள் கூடையைத் தூக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உங்களில் எத்தனை பேருக்கு உங்கள் அம்மாவின் பால் வாளி ஞாபகம் வருகிறது?

இப்படிப்பட்ட வீட்டுப் பெண் எப்படிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்?

வங்காள தேசத்தில் பிறந்து அமெரிக்காவில் படித்த கமால் அஹ்மத் என்ற வழக்கறிஞர் இருக்கிறார். உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து, ஏழை நாடுகளின் உயர்கல்வியை ஆராய ஒரு குழுவை அமைத்தன. அந்தக் குழுவின் பணியை நடத்தியவர்களில் இவரும் ஒருவர். 2000-ஆம் ஆண்டில் குழுவின் அறிக்கை வெளிவந்தது. ஏழை நாட்டுக்குத் தொடக்கப்பள்ளி போதும், பல்கலைக்கழகம் ஆடம்பரம் என்ற எண்ணம் தவறு என்று அது வாதாடியது. மருத்துவர், நீதிபதி, பொறியாளர், ஆசிரியர் எல்லாரையும் வெளியிலிருந்தே தருவித்துக்கொண்டிருந்தால் ஒரு நாடு எப்போது சொந்தக் காலில் நிற்கும்?

அந்தச் சிந்தனையிலிருந்து எழுந்ததுதான் பெண்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் என்ற திட்டம். வங்காள மண்ணுக்கு இது புதிய கனவும் அன்று. ரங்பூரில் பிறந்த பேகம் ரொக்கையா என்ற அம்மையார் 1911-இல் கல்கத்தாவில் எட்டே மாணவிகளோடு பெண்கள் பள்ளி நடத்தத் தொடங்கினார். வீடு வீடாகப் போய், "உங்கள் பெண்ணை அனுப்புங்கள்" என்று பெற்றோரிடம் மன்றாடியவர் அவர்.

வங்காள தேச அரசாங்கம் சிட்டகாங்கில் நூறு ஏக்கருக்கும் மேல் நிலம் கொடுத்தது. 2006-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை அளித்தது. அதன் நிர்வாகத்திலும் பாடத்திலும் வெளியார் தலையிட முடியாதபடி அந்தச் சட்டம் அமைந்தது. 2008-இல் முதல் மாணவிகள் வந்து சேர்ந்தார்கள். வங்காள தேசம், இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், கம்போடியா ஆகிய ஆறு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 130 பெண்கள். 2013-இல் முதல் பட்டமளிப்பு விழா நடந்தது.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1971-இல் போரிட்டுப் பிரிந்தவை பாகிஸ்தானும் வங்காள தேசமும். 2008-இல் இலங்கையில் சண்டை ஓயவில்லை. கம்போடியாவில் ஒரு தலைமுறையே கொலைக்களத்தைக் கண்டிருந்தது. அந்த நாடுகளின் பெண்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். உலகக் கல்வி என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். பக்கத்து நாட்டுக்காரியைப் பத்திரிகைச் செய்தியாகப் பார்க்காமல், தலைவலி வந்தால் தைலம் தேய்த்துவிடுகிற தோழியாகப் பார்ப்பது.

அங்கே என்ன படிப்பு என்று கேட்பீர்கள். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற கல்வி முறை. வெறும் கதை, கவிதைப் படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே தொழிலுக்கு மட்டும் ஆளைத் தயார் செய்யாமல், கணக்கு, அறிவியல், வரலாறு, நீதிநெறி, எழுத்து, பேச்சு எல்லாவற்றிலும் அடிப்படை கொடுத்து, பிறகு ஒரு துறையில் ஆழமாகப் போகவிடுவது. பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் அறிவியல், பொருளாதாரம் போன்ற துறைகளில் அங்கே பட்டம் பெறலாம்.

"இதைப் படித்தால் என்ன வேலை?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் நம் சொந்த அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். பால்மரம் சீவுவதில் நம் பெரியவர்களுக்கு நிகர் யாரும் இல்லை. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோதும், தோட்டத்தைத் துண்டு போட்டு வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றபோதும், அந்தக் கைத்திறன் ஒரே நாளில் விலை போகாமல் ஆயிற்று. ஒரு வேலையை மட்டும் கற்றவரை அந்த வேலை கைவிட்டால் வேறு துணை இல்லை. புதிதாகக் கற்றுக்கொள்ளத் தெரிந்தவருக்கு எங்கே போனாலும் வழி உண்டு.

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி வருகிறது.

2013 ஏப்ரல் 24-ஆம் தேதி, டாக்கா பக்கத்தில் ராணா பிளாசா என்ற தையல் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். உலகத்தின் கடைகளில் தொங்கும் சட்டைகளை யார் தைக்கிறார்கள் என்று அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. மூன்றாண்டு கழித்து, 2016-இல், ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் தையல் தொழிற்சாலைகளின் வாசலுக்கே போனது. "படிக்க விரும்புகிறவர்கள் பரீட்சை எழுதலாம்" என்று அறிவித்தது. படிப்புத் திறமையோடு துணிச்சலையும், அநியாயத்தைக் கண்டால் பொங்கும் மனத்தையும், பிறர் துன்பத்துக்கு இரங்கும் குணத்தையும் பார்த்து ஆள் எடுத்தார்கள்.

இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண் வருவாளா? கட்டணம் இலவசம் என்றால் மட்டும் போதுமா? மாதா மாதம் அவள் அனுப்பும் சம்பளத்தில்தானே கிராமத்தில் அடுப்பு எரிகிறது! தம்பியின் பள்ளிச் செலவு, தகப்பனின் மருந்து எல்லாம் அதிலேதான். அவள் வகுப்பறையில் உட்கார்ந்தால் வீட்டில் உலை கொதிக்காது.

இந்த முடிச்சை அந்தப் பல்கலைக்கழகம் அவிழ்த்த விதத்தைப் பாருங்கள். தொழிற்சாலை முதலாளிகளோடு பேசி, அந்தப் பெண்கள் படிக்கும் காலத்திலும் அவர்களுடைய மாதச் சம்பளம் தொடர்ந்து கிடைக்க ஏற்பாடு செய்தது. ஆங்கிலமே அறியாமல் வந்தவர்களுக்கு உடனே பட்டப்படிப்பைத் திணிக்கவில்லை. முதலில் ஆங்கிலம், கணக்கு, கணினி ஆகியவற்றுக்குத் தயார் வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன நம் பிள்ளைகளுக்குப் புதுமுக வகுப்பு என்று ஓராண்டு இருந்ததே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் பட்டப்படிப்பு. இதே வழியில் தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் வந்தார்கள். 2017-இல் பர்மாவிலிருந்து ஏழு லட்சம் ரொகிங்கியா மக்கள் உயிர் தப்பி ஓடி வந்த பிறகு, அகதி முகாமில் ஒழுங்கான பள்ளியே இல்லாத பெண்களும் வந்தார்கள்.

எல்லாம் சுலபமாக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலான மாணவிகள் பிறர் கொடுக்கும் உபகாரத்தில் படிப்பதால், நிர்வாகம் ஓயாமல் நன்கொடை தேடவேண்டியிருக்கிறது. மோஷே சஃப்டி என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் மலைச்சரிவில் அழகான வளாகத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஆனாலும் பல ஆண்டுகள் நகரத்து வாடகைக் கட்டடங்களிலேயே வகுப்புகள் நடந்தன. கூரை வாடகைக்கு என்பதற்காகப் படிப்பு நிற்கவில்லை. ஆயாக்கொட்டகை பக்கத்துத் தகரக் கொட்டகையில் அரிச்சுவடி படித்த நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு சோதனை 2021 ஆகஸ்டில் வந்தது. ஆப்கானிஸ்தான் தாலிபான் கையில் விழுந்தபோது, இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆப்கானிய மாணவிகளும் பழைய மாணவிகளுமாக 148 பேர் காபூலில் சிக்கிக்கொண்டார்கள். ஏழு பஸ்களில் ஏறி விமான நிலையத்துக்குப் போனார்கள். திருப்பி அனுப்பப்பட்டார்கள். மறுபடியும் போனார்கள். பல நாள் போராட்டத்துக்குப் பிறகு அந்த மாதக் கடைசியில் விமானம் ஏறினார்கள். பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல அவர்களுக்கு இடம் கொடுத்தன. 2022 டிசம்பரில் அந்த நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவையே அடைத்துவிட்டார்கள். அங்கே அடைபட்டவர்களில் சிலருக்குச் சிட்டகாங்கின் கதவு திறந்தது.

அன்பர்களே, நாம் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது?

நம் நாட்டில் பெண்கள் படிக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்கவேண்டும் என்று 1923-இலேயே தொழிலாளர் சட்டம் சொன்னது. இன்று ஆறாம் படிவம் இருக்கிறது, மெட்ரிகுலேஷன் இருக்கிறது, பொலிடெக்னிக் இருக்கிறது, பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. இத்தனை இருந்தும் வகுப்பில் முதலாவதாக வந்த பெண் ஏன் பதினெட்டு வயதில் 'ஓவர்டைம்' கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்? அவளுக்கு மூளை இல்லாமலா? இல்லை. அடுத்த மாத மளிகைக்கடைப் பாக்கி, வாடகை, தம்பியின் யூனிபாரம். சிட்டகாங்கில் கண்டுபிடித்த அதே முடிச்சுதான் நம் வீட்டிலும் விழுந்திருக்கிறது. படிப்புச் செலவைவிட, அவள் கொண்டுவராத சம்பளம்தான் பெரிய தடை.

இங்கே எந்த முதலாளியும் அவளுக்குச் சம்பளம் கொடுத்துப் படிக்க வைக்கப்போவதில்லை. ஆனால் நமக்கு மாமன், சித்தப்பா, அண்ணன் இருக்கிறார்கள். கோயில் கமிட்டி இருக்கிறது. திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி எடுக்க நமக்குத் தெரியும்; ஒரு வருடம்கூடத் தவறாமல் எடுக்கிறோம். அதே நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். வருடத்துக்கு ஒரு பெண். அவள் வீட்டுக்கு மாதம் ஒரு தொகை, படிப்பு முடியும் வரைக்கும். வேலை கிடைத்ததும் அவள் அடுத்த பெண்ணுக்குக் கொடுக்கட்டும். பத்து வருடத்தில் பத்துப் பெண்கள். ஒரு தோட்டத்துக்கு அது சிறிய கணக்கா?

தங்கைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தையல் இயந்திரத்தின் முன்னால் பத்து மணி நேரம் உட்கார்ந்த பெண், இருபது வயதுக்கு மேல் ஆங்கில எழுத்துக் கூட்டிப் படித்துப் பட்டம் வாங்கப் புறப்பட்டாள். நீங்கள் வேலைக்குப் போய் ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தாலும் காலம் கடந்துவிடவில்லை. சான்றிதழ்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு உங்கள் பழைய ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்தப் படிப்புக்கு எப்போது மனுப் போடவேண்டும் என்று அவர் சொல்லுவார்.

பெற்றோர்களே, பரீட்சை முடிவு வருகிற நாளில் தொழிற்சாலை ஏஜெண்டு வாசலுக்கு வந்தால், "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வாரத்தில் மகளை உட்கார வைத்து, "உனக்கு என்ன படிக்க ஆசை?" என்று கேளுங்கள்.