தெஹ்ரானைத் தெரியும், பலப்பிட்டியவைத் தெரியாது

அண்மையில் ஓர் இலக்கியக் கலந்துரையாடல் முடிந்து வெளியே வருகையில், இளங்கவிஞர் ஒருவர் என் கையில் பட்டியலொன்றைத் திணித்தார். 'பார்த்தேயாக வேண்டிய பழைய திரைப்படங்கள்' என்பது தலைப்பு. 'பைசிக்கிள் தீவ்ஸ்', 'ரஷோமொன்', 'டோக்கியோ ஸ்டோரி', 'பதேர் பாஞ்சாலி', ஈரானின் 'காவ்' என்று முப்பது படங்கள். நல்ல பட்டியல்தான். ஆனால் நாம் பிறந்து வளர்ந்த இந்த மண்ணில் எடுக்கப்பட்ட படம் ஒன்றுகூட அதில் இல்லை.

காரணம் கேட்டேன். "சிங்களம் அவ்வளவாக விளங்காது நானா" என்றார். அப்படியானால் பாரசீகம் விளங்குகிறதா? ஜப்பான் மொழி? அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஈரானியப் படங்களை நான் குறைத்துப் பேசவில்லை. தாரியுஷ் மெஹ்ர்ஜூயி 1969இல் எடுத்த 'காவ்' நம்மவர் கட்டாயம் பார்க்க வேண்டிய படம். ஊரில் இருக்கும் ஒரேயொரு பசு. அதன் சொந்தக்காரன் வெளியூர் போயிருக்கையில் அது செத்துப்போகிறது. ஊரார் அதைப் புதைத்துவிட்டு, ஓடிப்போய்விட்டதென்று அவனிடம் பொய் சொல்கிறார்கள். அவனோ மெல்ல மெல்லத் தானே அந்தப் பசுவாகிவிடுகிறான். ஈரானிய சினிமா 1979 புரட்சிக்குப் பிறகுதான் பிறந்தது என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்த ஒரு படமே போதிய பதில். அந்த மெஹ்ர்ஜூயி 2023இல் தன் வீட்டிலேயே மனைவியோடு குத்திக் கொல்லப்பட்டபோது நம் சஞ்சிகைகள் சிலவும் அஞ்சலி எழுதின. எழுதியது சரி. ஆனால் 2018இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் தர்மசேன பத்திராஜவும் காலமானபோது நம்மில் எத்தனை பேர் பேனாவைத் தொட்டோம்?

லெஸ்டரின் 'கம்பெரலிய' (1963) பலப்பிட்டியவில் ஒரு பழைய வீட்டில் படமாக்கப்பட்டது. பேருவளைக்கும் காலிக்கும் இடையில் காலி வீதி பஸ்ஸில் எத்தனை முறை அந்த ஊரைக் கடந்திருப்போம்! ஆட்டமில்லை, பாட்டில்லை, ஸ்டூடியோ இல்லை. உயர்குடும்பத்துப் பெண் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருகிறான் பியல். அவனுடைய குடும்பம் தங்கள் தரத்துக்குக் குறைவென்று வீட்டார் அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். வீட்டின் செல்வம் கரைகிறது. வியாபாரத்துக்கென்று போன கணவன் திரும்பவில்லை. கொழும்பில் பணக்காரனாகிவிட்ட பியல் வருகிறான். இவ்வளவுதான் கதை. ஆனால் தூண்களும் விறாந்தையுமாக நிற்கும் அந்த வீடு, பெருமை மட்டும் மிஞ்சி மற்றதெல்லாம் இற்றுப்போவதை நான் பார்த்தபோது, எங்கள் கரையோர ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளும், குடும்பம் பார்த்துக் கைவிட்ட சம்பந்தங்களும்தான் கண்ணுக்குள் வந்தன. 1965இல் புதுடில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருது இதற்குக் கிடைத்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மூலநாவலைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் தந்தவர் நம்முடைய எம்.எம். உவைஸ். முன்னோர் போட்ட பாலத்தில் நடக்கக்கூட நமக்குச் சோம்பல்.

"அந்தப் படங்களில் நாங்கள் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சிங்கள சினிமா நம்மைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அதன் முதற்படமான 'கடவுணு பொறொந்துவ'வை 1947இல் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். அதே ஆண்டு 'அசோகமாலா'வில் பாடியவர் சேலத்திலிருந்து வந்த மொஹிதீன் பேக். வாசல் முழுவதுமாக மூடியிருக்கவில்லை.

இன்னுமொன்று. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த பத்திராஜ, சீதனத்தையும் சாதியையும் வைத்து 1977இல் தமிழிலேயே 'பொன்மணி'யை எடுத்தார். தென்னிந்திய மசாலாவில் ஊறியிருந்த தமிழ் ரசிகர்கள் அதைக் கைவிட்டார்கள். சிங்களவர் நம்மைப் படமெடுக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள், எடுத்த படத்தை நாம் என்ன செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு பார்க்கலாம் என்று இருக்கவும் முடியாது. 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவைக் காடையர் கொளுத்தியபோது படச்சுருள்களும் சாம்பலாயின. இனவெறி எரித்தது போக, மிஞ்சியதை ஈரமும் பூஞ்சணமும் தின்றன. 'நிதானய' (1972) 2013இல் வெளிநாட்டு உதவியோடு புதுப்பிக்கப்பட்டது. சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' (1978) 2025இல் புதுப்பொலிவுடன் கான் விழாவில் திரையிடப்பட்டது. கான் வரை போன படம் கல்முனைக்கு வருமா? ஒரு மேசையும் திரையும் புரொஜெக்டரும் இருந்தால் வரும். பாடசாலை மண்டபங்கள் சும்மாதான் கிடக்கின்றன.

ஒரு தடை மெய்யானது. என்னிடமுள்ள இறுவட்டுகளில் ஆங்கில உபதலைப்புத்தான் இருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று சட்டத்தில் எழுதிய அரசு, தன் நாட்டுச் செவ்வியல் படங்களுக்குத் தமிழ் உபதலைப்புப் போட ஏன் இத்தனை காலம் எடுக்கிறது? திரைப்படக் கூட்டுத்தாபனத்திடம் இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். 'சகோதர மொழி, சகோதர மொழி' என்று மேடைதோறும் சொல்கிறோமே, அந்தச் சகோதரன் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்கு இதைவிட இலேசான ஜன்னல் ஏது?

கவிஞரிடம் 'கம்பெரலிய' இறுவட்டைக் கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் வந்தார். படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "உவைஸ் சேருடைய மொழிபெயர்ப்பு எந்த நூலகத்தில் கிடைக்கும் நானா?" என்று மட்டும் கேட்டார்.