கப்ளிங் மாற்றினால் போதும்... பரணில் தூங்கும் மாடல் எஞ்சின் மறுபடியும் ரயில் இழுக்கும்!

அமெரிக்காவில் 1960, 70-களில் வாங்கிய மாடல் ரயில் செட்டுகள் பல வீட்டுப் பரண்களில் இன்னும் இருக்கின்றன. தாத்தா வாங்கியது, அப்பா விளையாடியது. பேரன் எடுத்து தண்டவாளத்தில் வைத்தால் எஞ்சின் ஓடுகிறது. ஆனால், இன்று கடையில் வாங்கிய பெட்டியோடு அது சேர மறுக்கிறது. மோட்டாரில் கோளாறு இல்லை. எஞ்சினின் இரண்டு முனைகளிலும் இருக்கும் நகம் அளவு கொக்கிதான் காரணம். அதன் பெயர் கப்ளர். நம்மூர் ரயில்வே ஊழியர்கள் பேச்சில் 'கப்ளிங்'.

நன்றாக ஓடும் எஞ்சினை இதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பொறுமையாகச் செய்தால் கொஞ்ச நேரத்தில் மாற்றிவிடலாம்.

பழசுக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்?

உலகம் முழுக்கப் பிரபலமான 'ஹெச்.ஓ' மாடல் ரயில், நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அமெரிக்காவின் பழைய ஹெச்.ஓ செட்டுகளில் இருப்பது 'ஹார்ன் ஹூக்' என்ற பிளாஸ்டிக் கொக்கி. இரண்டு கொக்கிகளும் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு மாட்டும். முன்னால் இழுக்கும்போது பிரச்னை இல்லை. ரிவர்ஸில் தள்ளும்போது அந்தப் பக்கவாட்டு அழுத்தமே எடை குறைந்த பெட்டிகளைத் தடம்புரள வைத்துவிடும்.

இதற்கு மாற்றாகப் பலரும் பொருத்துவது 'கேடி' நிறுவனத்தின் கப்ளர். கீத், டேல் எட்வர்ட்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் இது. இருவர் பெயரின் முதல் எழுத்துகளும் சேர்ந்துதான் 'கேடி'. நிஜ ரயிலில் இருப்பதைப் போலவே, மடக்கிய கைவிரல் வடிவில் இந்தக் கப்ளர் இருக்கும்.

நிஜமான விரல்களின் கதை

அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு சோகம் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெட்டிகளை இணைக்க, ஊழியர் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று, வளையத்தைக் கையால் பிடித்து, ஆணியைச் செருக வேண்டும். ஒரு நொடி தவறினால் விரல் போகும், கை போகும், சில நேரம் உயிரே போகும். ஈலை ஜேனி என்பவர், விரல்களைப் போல ஒன்றையொன்று தானாகப் பற்றிக்கொள்ளும் கப்ளருக்கு 1873-ல் காப்புரிமை பெற்றார். தானாக இணையும் கப்ளரை 1893-ல் சட்டமே கட்டாயமாக்கியது. நம்மூர் எல்.ஹெச்.பி பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கும் இதே குடும்பம்தான்.

மாற்றுவது எப்படி?

தேவையானவை: சின்ன ஸ்க்ரூ டிரைவர், ட்வீசர், புது கப்ளர் ஜோடி, உயரம் பார்க்கும் கேஜ், கிராஃபைட் பொடி.

1. மெத்தென்ற துணியில் எஞ்சினைத் தலைகீழாகப் படுக்க வையுங்கள். முனையில் கப்ளரைப் பிடித்திருக்கும் சின்ன டப்பாவின் மூடி, ஸ்க்ரூவிலோ கிளிப்பிலோ நிற்கும். அதைக் கழற்றி, பழைய கொக்கியை எடுத்துவிடுங்கள்.

2. கேடியின் 5-ம் நம்பர் கப்ளர் என்றால், முதலில் தகடு போன்ற ஸ்பிரிங்கை டப்பாவுக்குள் படுக்க வைத்து, அதன்மேல் கப்ளரை வையுங்கள். ஸ்பிரிங் எகிறினால் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டு வேலை செய்தால் அது பைக்குள்ளேயே விழும்.

3. மூடியைப் பொருத்தியதும், கப்ளரை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். இறுக்கமாக இருந்தால் கிராஃபைட் பொடி கொஞ்சம் போதும். எண்ணெய் விடாதீர்கள், தூசு ஒட்டிக்கொள்ளும்.

உயரம்தான் உயிர்நாடி

மாட்டி முடித்ததோடு வேலை முடியவில்லை. கப்ளரின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து சுமார் 10 மி.மீ உயரத்தில் இருக்க வேண்டும். எஞ்சினைத் தண்டவாளத்தில் நிறுத்தி, கேஜை எதிரே வையுங்கள். இரண்டு தலைகளும் நேருக்கு நேர் இருந்தால் சரி. ஏற்ற இறக்கம் இருந்தால், மேடு ஏறி இறங்கும் இடத்தில் பெட்டி கழன்றுவிடும். தலை மட்டும் சற்று மேலே, கீழே அமைந்த கப்ளர்களும் கிடைக்கின்றன. அதில் பொருத்தமானதை மாற்றிக்கொள்ளலாம்.

கப்ளருக்கு அடியில் வளைந்து தொங்கும் கம்பியையும் கவனியுங்கள். பார்க்க பிரேக் ஹோஸ் மாதிரி இருந்தாலும், அதன் வேலை வேறு. தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கும் காந்தம் அந்தக் கம்பிகளைப் பக்கவாட்டில் இழுக்க, கப்ளரின் 'விரல்' திறந்து பெட்டி விடுபடும். கை வைக்கவே வேண்டாம். கம்பி மிகவும் தாழ்ந்திருந்தால், தடம் மாறும் இடங்களில் சிக்கி எஞ்சினையே கவிழ்த்துவிடும். தண்டவாளத்தைத் தொடாமல் ஒரு மி.மீ-க்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டால் நல்லது.

ஷார்ட் சர்க்யூட் உஷார்!

சில பழைய எஞ்சின்களில் உலோக அடிச்சட்டத்திலேயே மின்சாரம் ஓடும். அப்படிப்பட்ட இரண்டு எஞ்சின்களை எதிரெதிர் திசை பார்க்க வைத்து, உலோகக் கப்ளரால் இணைத்தால் ஷார்ட் ஆகலாம். அவற்றுக்கு பிளாஸ்டிக் கப்ளரே பாதுகாப்பு.

ஐரோப்பிய மாடல் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். 'நெம்' என்ற பொதுவான அளவில் சாக்கெட் இருந்தால், பழையதை இழுத்து எடுத்துவிட்டு, அதற்கேற்ற புதியதைச் செருகினாலே போதும்.

குழந்தைகளோடு சேர்ந்து செய்ய அருமையான விடுமுறை வேலை இது. ஆனால், ஸ்பிரிங்குகள் மிகச் சிறியவை என்பதால் கைக்குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் மாற்றவும் அவசியமில்லை. ஒரு பெட்டியின் ஒரு முனையில் புதுசு, மறுமுனையில் பழசு என்று வைத்தால், அந்த ஒரு பெட்டியே தாத்தா காலத்து ரயிலையும் பேரன் வாங்கிய ரயிலையும் சேர்த்துவிடும்.

அடுத்த வாரம்: கறுத்துப்போன தண்டவாளத்தைச் சுத்தம் செய்வது எப்படி?