ஓவியம் சோறு போடுமா?

வேப்பூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் பேருந்தில் வந்து படிக்கும் மாணவர் ஒருவர், குறிப்பேட்டின் பின்பக்கங்களை முகங்களால் நிரப்பி வைத்திருக்கிறார். அண்மையில் அதைக் காட்டி, “ஐயா, இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டார். உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. நாம் சொல்லப்போகும் சொல்லை நம்பி ஒரு குடும்பம் நிற்கிறது.

நம் சமூகம் இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. ‘முதலில் பட்டம், பிறகு படம்’ என்பது ஒன்று. ‘திறமை இருந்தால் உலகம் தேடி வரும்’ என்பது மற்றொன்று. முன்னது கலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறது. பின்னது கலைஞனைப் பட்டினி போடுகிறது. மூன்றாவது விடையொன்றும் உண்டு.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் பிறந்தவர். குடும்பச் சுமையால் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராக நுழைந்தபோது அவருக்கு வயது 25. பின்னாளில் அதே நிறுவனத்தின் முதல்வரானார். படித்து முடித்த மாணவர்கள் பிழைக்க வழியின்றித் தூரிகையைக் கைவிடுவது அவரை உறுத்தியது. அந்தக் கவலையின் விளைவே 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டல ஓவியர் கிராமம். ஓவியர்கள் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்த வருவாயில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். கைவினை அடுப்பை எரித்தது. எனவே ஓவியத்தைச் சந்தைக்கு ஏற்ப வளைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது.

நம் இதழ்களின் வாசகர்கள் நன்கறிந்த கே.எம். ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர்தாம். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் காந்தியைக் கோட்டோவியங்களாகத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரே மனிதரை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது எத்தகைய பயிற்சி என்பதை அவ்வரிசையைக் கண்டவர்கள் அறிவார்கள்.

விருத்தாசலத்துக்கு இந்த உண்மையின் மறுபக்கமும் தெரியும். இங்குள்ள பீங்கான் கூடங்களில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டெடுத்த பொம்மைகளுக்கு ஒருவர் அமர்ந்து கண் எழுதுகிறார். நூறாவது பொம்மையிலும் அவர் கை நடுங்குவதில்லை. ஆனால் நூறும் ஒரே கண். கை தேறிவிட்டது, பார்வை தேற வேண்டுமானால், மாலையில் அவர் தமக்கென்று ஒரு முகம் வரைந்தாக வேண்டும். அதற்கு நேரமும் தெம்பும் மிஞ்சும் வேலையே கலைஞனுக்கு உகந்த வேலை. சம்பளத்தின் அளவைவிட அதுவே முதலில் பார்க்கத்தக்கது.

இதில் இலக்கியக்காரர்களாகிய நமக்கும் பொறுப்புண்டு. அச்சகத்துக்குக் கூலி தருகிறோம்; தாளுக்கு விலை தருகிறோம்; அட்டைப்படம் வரைந்தவருக்கு மட்டும் இரண்டு பிரதிகளையும் ஒரு நன்றியையும் அனுப்பி வைக்கிறோம். ஓவியம் சோறு போடாது என்று இளைஞர்களை எச்சரிக்கும் நாமே, அது சோறு போடாமல் பார்த்துக்கொள்கிறோம்.

மாணவரிடம் இறுதியில் இவ்வளவே சொன்னோம்: “பட்டத்தை முடியுங்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒரே முகத்தை ஓராண்டு வரையுங்கள். அதன்பிறகும் இதே கேள்வி இருந்தால், வீட்டுக்கு வந்து உங்கள் தந்தையாரிடம் நாமே பேசுகிறோம்.” நம் துறையின் ஆண்டு மலருக்கு அவரையே அட்டைப்படம் வரையச் சொல்லியிருக்கிறோம். கூலி பேசியாகிவிட்டது.