ஹாம்லெட்டின் வீடன்று, சுங்கச்சாவடி

டென்மார்க் சென்று திரும்பும் நம் இலக்கிய நண்பர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு பத்தி பெரும்பாலும் தவறுவதில்லை. கோப்பன்ஹேகனுக்கு வடக்கே, குரோன்போர்க் கோட்டை மதிலில் நின்று ஹாம்லெட்டை நினைத்து நெகிழும் பத்தி அது. அந்த நெகிழ்ச்சியோடு நமக்கு வழக்கு உண்டு.

ஹாம்லெட்டின் மூலக்கதையைச் சாக்ஸோ கிராமாட்டிகஸ் இலத்தீனில் எழுதியது 1200ஆம் ஆண்டையொட்டி. அக்கதை நிகழ்வது ஜட்லண்டில். இன்றைய கோட்டையோ இரண்டாம் பிரெடெரிக் 1574க்கும் 1585க்கும் இடையே எழுப்பியது. ஷேக்ஸ்பியர் கதையை அங்கே குடியேற்றினார். அது கலைஞனின் உரிமை. ஆனால் கோட்டை உண்மையில் செய்த வேலை என்ன என்று கேளாதிருப்பது வாசகனின் உரிமையாகுமா?

அது சுங்கம் தண்டியது. 1429 முதல் 1857 வரை அந்தக் குறுகிய நீரிணையைக் கடந்த கப்பல்கள் டேனிய மன்னருக்கு வரி செலுத்தின. சரக்கின் மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம். சொன்ன விலைக்கே சரக்கை வாங்கிக்கொள்ளும் உரிமை மன்னருக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போகும், கூட்டிச் சொன்னால் வரி ஏறும். இந்த நாடகத்தை எழுத ஷேக்ஸ்பியர் தேவைப்படவில்லை.

அப்பணம் அரசவையின் கைக்குப் போகாமல் மன்னரின் சொந்தப் பெட்டிக்கே போயிற்று. அச்செல்வத்தில் திளைத்த நான்காம் கிறிஸ்தியனே ஹில்லரோடில் பிரெடெரிக்ஸ்போர்க்கையும் கோப்பன்ஹேகனில் ரோசன்போர்க்கையும் எழுப்பியவர். அவர் காலத்துக் கப்பல்களே 1620இல் தரங்கம்பாடிக்கு வந்தன. தஞ்சை இரகுநாத நாயக்கர் அவருக்குப் பொன் தகட்டில் வரைந்தனுப்பிய மடல் இன்றும் டேனிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ரோசன்போர்க்கின் வெள்ளிச் சிங்கங்களை வியக்கும் நம்மவர் எத்தனை பேர் அம்மடலைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள்?

"கற்பனைக்கு இடமில்லையா?" என்பார்கள். உண்டு. 1816இல் காவற்படை வீரர்களே அக்கோட்டையில் ஹாம்லெட்டை நடித்தார்கள், நமக்கும் மகிழ்ச்சியே. நாம் மறுப்பது, இலக்கியத்தின் பெயரால் வரலாற்றுக்குப் போடும் திரையை. பிறக்காத இளவரசனுக்காகக் கண்ணீர் விடுமுன், வரி கட்டிய மாலுமிகளையும் தரங்கம்பாடிக் கரையையும் எண்ணிப் பார்க்கும் கடன் நமக்குண்டு. அரண்மனைகளைக் காவியமாக மட்டும் வாசித்தது போதும்; இனிக் கணக்கேடாகவும் வாசிப்போம்.