பின் அச்சையும் குனிந்து பாருங்கள்

நுவரெலியாவில் மரக்கறி மூடைகளை ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் பிக்கப் சகோதரரே! எஞ்சின் ஒயிலை அன்றாடம் பார்க்கிறீர்கள். பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷியலைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? அதில் ஒயில் வற்றினால் பற்சக்கரங்கள் தேய்ந்து ஊளையிடும். இறுகிப்போனால் வளைவிலேயே பின்சக்கரங்கள் சுழலாமல் நின்றுவிடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். (மலைநாட்டில் அதைத் தேடுவதுதான் பாதி வேலை!) சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, சூடு ஆறியபின் மேல் நட்டை மட்டும் கழற்றுங்கள், கீழ் நட்டு ஒயிலை வடிப்பதற்கு. துவாரத்தில் விரலை வளைத்து விட்டால், கீழ்விளிம்பை ஒட்டியே ஒயில் தட்டுப்பட வேண்டும். குறைந்திருந்தால், வண்டிக் கையேடு சொல்லும் கியர் ஒயிலை, பெரும்பாலும் ஜீஎல்-5 ரகம், விளிம்பில் கசியும்வரை ஊற்றுங்கள். எஞ்சின் ஒயில் இதற்கு உதவாது. விரலில் பால்நிறம் கண்டால் தண்ணீர் புகுந்துவிட்டது. மேலும் ஊற்றாமல் முழுவதையும் மாற்றுங்கள்.